முதுமையுற்ற நாயும் இல்லறத்தார் கடமையும்

கழுகுமலைச் சமணச் சிற்பங்களைத் தரிசிக்கச் சென்ற யாத்திரையில் நாங்கள் சிலர் திருநெல்வேலியில் ஓரிரவு தங்கினோம். விடியலில் தாமிரபரணியில் நீராடக் குறுக்குத்துறைக்குச் சென்றபோது, படித்துறையின் ஓரத்தில் ஒரு முதிய நாய் படுத்திருந்தது. இரு கண்களிலும் புரை, பின்னங்கால்கள் தளர்ந்திருந்தன. கழுத்தில் மயிர் உதிர்ந்து, பட்டை கட்டியிருந்த தடம் தெரிந்தது. பல்லாண்டு ஒரு வீட்டைக் காத்து, முதுமையில் அவ்வீட்டாராலேயே கொண்டுவந்து விடப்பட்டது என்பதற்கு அத்தடமே சான்று. காலடி ஓசை கேட்குந்தோறும் அது தலையைத் தூக்கிற்று; பின் தாழ்த்திக்கொண்டது.

உடன் வந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, இது ஊன் உண்ணும் பிராணி. இதைப் பேணுதல் சிராவகர்க்குத் தகுமா?"

இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. பிற உயிரைக் கொன்று தின்னும் பூனை முதலியவற்றை வளர்ப்பதை நம் ஆசாரியர்கள் அநர்த்ததண்டம் எனக் கடிந்துள்ளனர். தில்லிச் செங்கோட்டைக்கு எதிரிலுள்ள திகம்பர ஜினாலயத்தின் பறவை மருத்துவமனையிலும், ஊன் உண்ணும் பறவைகளைத் தங்கவைத்துப் பராமரிப்பதில்லை. ஆயினும் அவற்றின் காயத்திற்கு மருந்திட மறுப்பதில்லை. இதுவே நாம் கருதத்தக்கது. வேட்டைக்கோ பெருமைக்கோ விரும்பி வளர்ப்பது வேறு. கைவிடப்பட்டு வாடும் உயிரின் துயர் துடைப்பது வேறு. மேலும், நாய்க்குப் பூனையைப் போல ஊன் இன்றியமையாததன்று. பல்லிழந்த நாய்க்குக் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி சோறும் பருப்பும் குழைத்துக் கொடுத்துப் பேண இயலும்.

அஹிம்சா அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். ஆற்றங்கரையில் நாயை விட்டுச் சென்றவர் அதனை அடிக்கவில்லை. ஆனால் தானே இரைதேட இயலாத உயிரை விட்டகல்வது, உணவும் நீரும் மறுப்பதன்றி வேறென்ன? 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், பசியாலும் தாகத்தாலும் துன்புறுமாறு விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதற்குற்றத்திற்கு அது விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய். சட்டம் சிறிதாகக் கருதினும் வினை அவ்வாறு கருதாது.

"பற்றை விட்டேன்" என்று சிலர் அமைதி கூறுவர். தன் நலத்தை விடுவது துறவு. தன் கடமையை விடுவது துறவாகாது. வேறு சிலர், ஊசி மூலம் உயிரைப் போக்குவதே கருணை என்பர். வேதனை கண்டு பொறாத அவர்தம் உள்ளத்தை நான் குறைகூறேன். ஆயினும் சல்லேகனை ஒருவர் தாமே உணர்ந்து ஏற்பது, பிறர்மேல் சுமத்துவதன்று. வலி தணிக்க மருந்துண்டு, அருகிருக்க நாமுண்டு.

சீவகசிந்தாமணியில் சீவகன், அடியுண்டு உயிர்விடும் நாயைக் கண்டான். அதனைப் பிழைப்பிக்க இயலாதபோதும் விலகிச் செல்லவில்லை. செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. ஐம்பொறியும் மனமும் உடைய உயிர், அறம் கேட்கத் தகுதியுடையது என்பதன்றோ இதன் கருத்து?

வினா எழுப்பிய பெரியவரே தம் பொட்டலத்து இட்டிலியைப் பிசைந்து அதன் வாயருகே வைத்தார். அங்குப் பூ விற்கும் அம்மையாரிடம் சிறிது பணம் கொடுத்து, நாள்தோறும் சோறிடும்படி வேண்டினோம்; பின் பேருந்து ஏறினோம். அது பாதி அறமே என்பதைக் கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருமுன் நின்றபோது உணர்ந்தேன். மீதியைச் செய்யாது வந்த குறை இன்றும் என் நெஞ்சில் உள்ளது.

நாயின் ஆயுள் ஏறக்குறைய 10 முதல் 15 ஆண்டுகள். குட்டியைக் கையில் ஏந்தும்முன் அதன் கடைசி ஆண்டையும் எண்ணிப் பாருங்கள். ஏற்றுக்கொண்டபின், இறுதி மூச்சுவரை உடனிருங்கள்.