கடல் கடந்து சம்பந்தம் பேசச் செல்பவர்களே!

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



நம் முன்னோர்கள் வணிகத்துக்காகப் பினாங்குக்குக் கப்பலேறிப் போனார்கள். போன இடத்தில் பள்ளிவாசலும் கட்டினார்கள். இன்று திருச்சியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய 4 மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கலாம். அதனால் திருமணச் சம்பந்தங்களும் கடல் தாண்டுகின்றன. முதலில் கைபேசியில் பேசுகிறார்கள், படம் அனுப்புகிறார்கள். பிறகு, "ஒருமுறை வந்து எங்கள் வீட்டைப் பாருங்கள்" என்று அழைப்பு வருகிறது. பெண்ணின் தந்தையோ அண்ணனோ புறப்படுகிறார்.

போகிறவர் அந்த வீட்டுக்கு விருந்தாளி. விருந்தாளி குறை தேடக் கூடாது. ஆனால் அவரே ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குப் பொறுப்பாளர். பொறுப்பாளர் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே மனிதர் எப்படி நிறைவேற்றுவது?

திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயமான அல்கஸஸில் இதற்கு வழி இருக்கிறது. மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து உயிர் தப்பி மத்யனுக்கு வந்தார்கள். அந்த ஊரில் தெரிந்தவர் எவருமில்லை. நீர்த்துறையில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிக் கொடுத்தார்கள். அப்பெண்களின் வயோதிகத் தந்தை அவர்களை வீட்டுக்கு அழைத்தார். அங்கே போனதும் மூஸா (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். அதைக் கேட்ட பெரியவர், பயப்பட வேண்டாம் என்று ஆறுதல் கூறினார். திருமணப் பேச்சு அதற்குப் பிறகுதான் எழுந்தது.

பெரியவரும் எதையும் மறைக்கவில்லை. 8 ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும், 10 ஆண்டுகளாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம், உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்று நிபந்தனையை முன்கூட்டியே சொல்லிவிட்டார். உழைப்பைக் கொடுத்தவர் மாப்பிள்ளை என்பதையும் கவனியுங்கள். பெண் வீட்டாரிடம் கைக்கூலி கேட்பவர்கள் இந்த வரலாற்றை இன்னொரு முறை ஓத வேண்டும்.

சகோதரர்களே! தெரியாத ஊரில் தெரியாத குடும்பத்தோடு உறவு கொள்ள அங்கே இருந்த ஒரே முதல் உண்மை. வந்தவர் தம்மைப் பற்றி உண்மை சொன்னார், வரவேற்றவர் நிபந்தனையை உண்மையாகச் சொன்னார். அண்டை வீட்டுக்காரரிடம் விசாரிக்கக்கூட முடியாத தூரத்தில் பேசப்படும் சம்பந்தத்துக்கு இதைவிட வேறு பாதுகாப்பு இல்லை.

ஆகவே, போகிறவர் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். மாப்பிள்ளைக்கு முன்பு திருமணம் நடந்திருக்கிறதா? கடன் எவ்வளவு? என்ன வேலை? பெண் தனியாக வாழப்போகிறாளா, கூட்டுக் குடும்பத்திலா? இந்தியாவிலிருந்து மலேசியக் குடிமகனை மணந்து செல்லும் பெண் அங்கே தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். அதைப் புதுப்பிக்கக் கணவனின் துணை தேவைப்படும். வேலைக்குப் போக வேண்டுமானால் அதற்கும் தனியாக ஒப்புதல் பெற வேண்டும். நாளை மனக்கசப்பு வந்தால், அவள் அந்த நாட்டில் இருப்பதே கணவன் கையில் சிக்கிக்கொள்ளும். இதை நிக்காஹ்வுக்கு முன்பே பேசுவது மரியாதைக் குறைவு ஆகாது. பேசாமல் விடுவதுதான் அமானிதத்துக்குக் கேடு.

மாப்பிள்ளை தன் தாயிடம் எப்படிப் பேசுகிறார், வீட்டுப் பணியாளரை எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். அந்த வீட்டுக்கு ஏற்கெனவே வந்த மருமகளின் முகத்தையும் பாருங்கள். அவர் தொழும் பள்ளிவாசலின் இமாமிடம் விசாரியுங்கள். அதற்காக அலமாரியைத் திறக்க வேண்டாம், ஒட்டுக்கேட்க வேண்டாம். துருவித் துருவி ஆராய்வதை மார்க்கம் தடுத்திருக்கிறது. நேராகக் கேட்பவருக்கு ஒளிந்து பார்க்க வேண்டிய தேவை இராது.

அழைக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு சொல். இரவல் காரும் இரவல் நகையும் காட்டி விருந்து வைக்காதீர்கள். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்தார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஒரு படி தானியத்துக்கே இந்த எச்சரிக்கை என்றால், ஒரு பெண்ணின் ஆயுளுக்கு எவ்வளவு? பெண் வீட்டாரும் நோயையோ பழைய திருமணத்தையோ மறைக்கக் கூடாது.

இனி, பலரும் தடுமாறும் இடத்துக்கு வருவோம். "இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டோம். அவர்களும் நான்கு நாள் விருந்து வைத்துவிட்டார்கள். இனி எப்படி வேண்டாம் என்பது?" மனம் ஒப்பாமலேயே தலையாட்டிவிட்டு வருகிறார்கள். விமானச் சீட்டின் விலைக்காக மகளின் வாழ்க்கையைக் கொடுப்பதா? சீட்டு எடுத்தது பார்ப்பதற்கு, சம்மதிப்பதற்கு அல்ல. புறப்படும் முன்பே, "பார்த்துப் பேசத்தான் வருகிறோம், முடிவு பிறகு" என்று சொல்லிவிடுங்கள். விருந்தின் கடனைத் தீர்க்க ஹதியா கொடுக்கலாம், துஆச் செய்யலாம். பெண்ணைக் கொடுத்துத் தீர்க்கும் கடன் அல்ல அது.

முடிவும் உங்களுடையது மட்டும் அல்ல. வீடு திரும்பி, பார்த்த நிறையையும் குறையையும் மகளிடம் அப்படியே சொல்லுங்கள். கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் தந்தை, அவர்களுக்குப் பிடிக்காத ஒரு திருமணத்தை முடித்து வைத்தார். அவர்கள் முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதை ரத்துச் செய்தார்கள். அவள் சம்மதம் இல்லாமல் நீங்கள் கோலாலம்பூரில் கொடுத்துவிட்டு வந்த வாக்குக்கு என்ன பெறுமதி?

வேண்டாம் என்று முடிவானால், தாமதிக்காமல் கண்ணியமாகச் சொல்லிவிடுங்கள். மாதக்கணக்கில் காக்க வைக்காதீர்கள். அந்த வீட்டில் கண்ட குறையை ஊரில் பேசாதீர்கள். உப்பிட்டவர் வீட்டு விஷயம் உங்களிடம் அமானிதம். ஆனால், அதே மாப்பிள்ளையைப் பற்றி இன்னொரு தந்தை வந்து ஆலோசனை கேட்டால்? ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசித்தபோது, ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் நபி (ஸல்) அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். கேட்டவருக்கு, தேவையான அளவு, கண்டதை மட்டும் சொல்வது புறம் ஆகாது. கேட்காதவரிடம் சுவைக்காகச் சொல்வதுதான் புறம்.

சகோதரர்களே! இஸ்திகாரா தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். சொல்லும் பேச்சில் உண்மை இருக்கட்டும். உறவு கூடினாலும் கூடாவிட்டாலும், இரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லிப் பிரியும்படி நடந்துகொள்ளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு ஸாலிஹான துணைகளைத் தருவானாக! உண்மையின் மீது கட்டப்பட்ட குடும்பங்களை நமக்கு நஸீபாக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.