கிடைக்காமை இன்மையாகுமா?

ஒரு பொருள் நமக்குக் கிடைக்கவில்லை என்பதைக் கொண்டு அப்பொருளே இல்லை என்று முடிவு செய்ய நமக்கு எப்போது உரிமை உண்டு என்னும் கேள்வி, தத்துவ சாஸ்திரங்களைக் கற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஜவ்வாது மலையின் பள்ளத்தாக்கிலோ கொல்லிமலையின் சரிவிலோ வாழும் ஒரு குடும்பம், வெளியூரிலிருக்கும் மகனோடு இரண்டு வார்த்தை பேச விரும்பிக் கைபேசியுடன் கூடத்திலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து மாடிக்கும், அங்கும் பயனில்லாமல் ஊர்க்கோடி மேட்டுக்கும் நடக்கும்போதெல்லாம் இக்கேள்வியையே விசாரித்து வருகிறது. 'டவர் இல்லை' என்று வாய் சொல்கிறது. சற்றே தள்ளிப் போய் நின்றால் கிடைக்கும் என்பதைக் கால் அறிந்திருக்கிறது.

அங்கே நிகழ்வது என்ன? கைபேசிக் கோபுரத்திலிருந்து புறப்படும் மின்காந்த அலை, தூரம் செல்லச் செல்ல விரிந்து மெலிகிறது. குன்று குறுக்கிட்டால் அதன் மறைவில் பெரிதும் நலிகிறது. கான்கிரீட் சுவர் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ள, தகரக் கூரை பெரும்பங்கைத் திருப்பியனுப்பிவிடுகிறது. அலையின் வலிமை எதிர் 100 டிபிஎம் என்று கருவி காட்டும் நிலையில் கைபேசியை வந்தடைவது, ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான். அத்தனை சூட்சுமமான சக்தியைக் கொண்டே மனிதக் குரலை மீட்டுத் தரவல்ல கருவி, அதனினும் மிக நலிந்த நிலையில் வாளாவிருந்துவிடுகிறது. அப்போதும் அலை அவ்வீட்டுக்குள் இருக்கத்தான் செய்கிறது. இரைச்சலினின்று அதைப் பிரித்தறியும் ஆற்றல்தான் கருவிக்கு இல்லை.

நம் முன்னோர் இந்நிலையை வெகு நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். குமாரில பட்டரைப் பின்பற்றிய மீமாம்சகரும் அத்வைதிகளும் அநுபலப்தி எனப்படும் காணாமையை ஆறாவது பிரமாணமாக, அதாவது அறிவு தரும் வழியாக, ஏற்றனர். ஆயினும் எந்தக் காணாமையும் இன்மைக்குச் சான்றாகும் என்று அவர்கள் கூறினாரில்லை. 'இருந்திருந்தால் தெரிந்தேயிருக்கும்' என்று துணிந்து சொல்லத்தக்க யோக்கியதை உள்ள இடத்துக் காணாமையே சான்றாகும் என்றனர். வெளிச்சமான தரையில் குடம் தெரியவில்லையானால் குடம் இல்லை என்பது நிச்சயம். இருட்டறையில் தெரியவில்லையானால் அதிலிருந்து யாதொரு முடிவும் பெறப்படாது. தர்மராஜ அத்வரீந்திரரின் வேதாந்த பரிபாஷை இவ்விதியைப் புண்ணிய பாவங்களாகிய தர்மாதர்மங்கள் வரையில் கொண்டுசென்று, இயல்பாகவே புலனுக்கு எட்டாதவற்றின் காணாமை அவற்றின் இன்மையைச் சாதிக்காது என்று தெளிவுபடுத்துகிறது.

மின்காந்த அலையின் சரித்திரமே இவ்விதிக்குச் சாட்சி கூறுகிறது. மாக்ஸ்வெல் 1865-இல் வெளியிட்ட கட்டுரையில் கணிதத்தின் துணையால் அனுமானித்த அலைகளை, ஹெர்ட்ஸ் தம் பரிசோதனைச்சாலையில் 1888-இல் பிரத்தியட்சமாக்கிக் காட்டியபோது, மாக்ஸ்வெல் காலமாகி ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. பால்வெளி மண்டலத்தின் வானொலி அலைகளோ, மனிதன் தோன்றுமுன்னரே பூமியின்மீது விழுந்துகொண்டிருந்தும், கார்ல் ஜான்ஸ்கி 1933-இல் அறிவிக்கும் வரையில் உலகம் அவற்றை அறியவில்லை.

இனி, வேண்டியும் விடை பெறாத பக்தனுடைய வழக்கை எடுத்துக்கொள்வோம். எங்கும் நிறைந்தவன் இறைவன் என்றால் உயிர் அவனை உணராதிருப்பது ஏன் என்னும் வினாவுக்கு, ஆணவ மலத்தின் மறைப்பே காரணம் என்று கூறித் தடையை உயிரின் பக்கத்தில் வைக்கிறது சைவ சித்தாந்தம். இது ஈசுவரன் உண்டு என்பதற்கு நிரூபணமன்று. காணாமை இன்மையைச் சாதிக்காது என்பதனாலேயே அது இருப்பைச் சாதித்துவிடும் என்று கொள்வது நியாயத்துக்கு அடாது. தேடாமலே இல்லை என்பவனும் தேடாமலே உண்டு என்பவனும் இருட்டறையில் நின்று குடத்தைப் பற்றி வாதாடுகிறவர்களே. தடை நம் பக்கத்தில் இருக்கக்கூடுமானால் அதை நீக்க முயல்வதே முதற் கடமை என்பது மட்டும் இவ்விசாரத்தால் பெறப்படுகிறது. அம்முயற்சிக்கே சாதனை என்று பெயர்.

அச்சாதனைக்கும் ஒரு வரம்பு உண்டு. அனுமதியின்றிச் சிக்னல் பூஸ்டரைப் பொருத்துவது நம் நாட்டில் சட்டவிரோதம். ஏனெனில் ஒரு வீட்டுக்கு அலையைப் பெருக்கித் தரும் அதே கருவி, இரைச்சலையும் பெருக்கிக் கோபுரத்தின் செவியை நிறைத்து, சுற்றிலும் உள்ள பலருடைய அழைப்பைக் கெடுத்துவிடக்கூடும். பிறர் செவியை அடைத்துத் தன் செவியைத் திறக்க நினைக்கும் வழிபாடும் அத்தகையதே. ஒலிபெருக்கியால் ஊரின் உறக்கத்தைக் கெடுத்துச் செய்யும் பூஜையைப் பக்தி என்று நான் ஒப்ப மாட்டேன்.

ஆனால் இவ்விசாரத்தைக் காட்டி ஏழை ஜனங்களின் வாயை அடைப்பது பெரும் பாதகம். மேட்டிலும் கிடைக்கவில்லை, நல்ல கருவியிலும் கிடைக்கவில்லை, எந்த நேரத்திலும் கிடைக்கவில்லை என்றால் அது யோக்கியதையுள்ள காணாமை. அலை அவ்வூரை எட்டவில்லை என்பது அங்கே நிச்சயம். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைபேசிக்கு வந்த நாட்களில், மலைக்கிராமத்துப் பிள்ளைகள் பாடம் கேட்பதற்காகப் பாறைமேலும் மரத்தின்மேலும் ஏறி அமர்ந்தார்கள். அப்பிள்ளைகளிடம் பொறுமையை உபதேசிப்பவர், தாம் செய்ய வேண்டிய காரியத்தை ஈசுவரன்மேல் சுமத்துகிறார். உள்ள இன்மையை இன்மை என்று ஒப்புக்கொண்டு, அதைப் போக்க முனைவதே அங்கே தர்மம்.

ஆகவே வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே. இறைவனைப் பற்றியாயினும், கிராமத்து வீட்டிலிருந்து பதில் வராத தாய் தந்தையரைப் பற்றியாயினும், 'இல்லை' என்று தீர்ப்புக் கூறுமுன், நிற்கும் இடத்தையும் கையிலுள்ள கருவியையும் இடையிலுள்ள தடையையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சோதித்த பிறகும் இல்லையென்றே தெரிந்தால், அஞ்சாமல் இல்லை என்று சொல்லுங்கள். சோதியாமல் மட்டும் சொல்லாதீர்கள்.