காய்ந்த எலும்புகளும் தேவ நம்பிக்கையும்



எசேக்கியேல் தீர்க்கதரிசி பபிலோன் நாட்டில் சிறைப்பட்டுக் கிடந்த யூத ஜனத்தில் ஒருவர். சர்வேசுரன் காட்சியிலே அவரை ஒரு பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போய், அங்கே குவிந்து கிடந்த காய்ந்த எலும்புகளைக் காட்டி, இவைகளுக்கு மறுபடி உயிர் வருமோ என்று வினவினார். தீர்க்கதரிசி வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. அதை அறிந்தவர் தேவரீரே என்கிற கருத்தில் மறுமொழி கூறிவிட்டு, தமக்கு இட்ட வேலையைச் செய்யத் தொடங்கினார். தேவ நம்பிக்கை என்னும் புண்ணியம் இன்னதென்று அறிய விரும்புவோர் இந்த மறுமொழியைச் சற்று நேரம் தியானிக்கக் கடவார்கள்.

இக்காலத்தில் இதே கேள்வி பெற்றோர் சிலருக்கு ஆஸ்பத்திரியிலே எழுகிறது. இரத்தப் புற்றுநோய், தலசீமியா முதலிய நோய் கண்ட பிள்ளைகள் சிலருக்கு எலும்பு மஜ்ஜையை மாற்றுவது ஒன்றே வழி என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். நம் தேசத்தில் 1983-ம் வருஷம் பம்பாய் டாடா நினைவு ஆஸ்பத்திரியில் ஒரு சிறுமிக்கு அவள் சகோதரனுடைய மஜ்ஜை முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. 1986-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தலசீமியா நோய்க்கு இது செய்யப்பட்டது. நம் காங்கேயத்துப் பிள்ளை ஒன்றுக்கு இப்படி நேர்ந்தால், திருப்பூரில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்க வேண்டியதுதான்.

அங்கே நடப்பதைக் கேளுங்கள். முதலில் கடுமையான மருந்துகளைச் செலுத்திப் பிள்ளையின் சொந்த மஜ்ஜையை அடியோடு அழித்துவிடுகிறார்கள். அதற்குமேல் திரும்பிப் போக வழியில்லை. பிறகு ஒருநாள், பிறர் தந்த மஜ்ஜை ஒரு பையிலே வருகிறது. பெரிய அறுவைச் சிகிச்சை நடக்கும் என்று எண்ணியிருந்த தகப்பன் ஏமாந்து போவான். இரத்தம் ஏற்றுவதைப் போலவே கம்பியில் மாட்டி, நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள், அவ்வளவுதான். வைத்தியர் அதை எலும்புக்குள் வைப்பதில்லை. அந்த உயிரணுக்கள் இரத்தத்தோடு ஓடி, எலும்பைத் தாமே தேடிக் கண்டு உள்ளே குடியேறுகின்றன. சிருஷ்டிகர் அவைகளுக்குள் எழுதிவைத்த வழி அது.

அதன்பின் இரண்டு முதல் நான்கு வாரம்வரை காத்திருக்க வேண்டும். பிள்ளையின் வாயெல்லாம் புண்ணாகும், தலைமயிர் உதிரும். சாதாரண சளிக்காய்ச்சலும் உயிருக்கு மோசமாகும். தினந்தோறும் இரத்தத்தைச் சோதித்து வெள்ளையணுக்களை எண்ணுகிறார்கள். அவற்றில் ஒருவகை, மூன்று நாள் தொடர்ந்து 500-க்குமேல் நின்றால் மஜ்ஜை பற்றிக்கொண்டது என்பார்கள். நம் கொறங்காட்டு வேலிக்கு நட்ட கிளுவைக் குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். இலையில்லாத வெறும் குச்சி. உயிர் பிடித்ததா என்று பார்க்கப் பிடுங்கினால் அதோடு போயிற்று. விட்டுவைத்துக் காத்திருப்பவன்தான் தளிரைப் பார்க்கிறான். மஜ்ஜை பற்றிய பின்னும் அந்நிய மஜ்ஜை பிள்ளையின் தேகத்தோடு சண்டையிடும் ஆபத்து மாதக்கணக்கில் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

இங்கேதான் நம்மில் சிலர் பெரிய தீங்கு செய்கிறோம். உன் விசுவாசம் உறுதியாயிருந்தால் பிள்ளை நிச்சயம் பிழைக்கும் என்று அந்தத் தாயிடம் சொல்லுகிறோம். பிள்ளை இறந்துபோனால் அவள் என்ன எண்ணுவாள்? தன் விசுவாசக் குறைவே பிள்ளையைக் கொன்றது என்றல்லவா எண்ணுவாள்! ஜெத்செமனித் தோட்டத்திலே நம் ஆண்டவர் தமது பாத்திரம் நீங்கும்படி மன்றாடினார், அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைந்தது என்று சொல்லத் துணிவார் உண்டோ? வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், ஜெபமாலை சொல்லுங்கள், பூசை ஒப்புக்கொடுங்கள். ஆனால் சர்வேசுரன் பெயரால் வாக்குக் கொடுக்க நமக்கு அதிகாரமில்லை. கூட்டமாகப் புறப்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதும் வேண்டாம். அந்த அறைக்குள் பூவும் போகலாகாது. இரத்தமும் தட்டணுவும் கொடுக்க நாலு வாலிபரை அனுப்புவது மெய்யான தர்மம்.

யூதர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வியாதிக்காரருக்காக ஜெபிக்கும்போது, இன்ன தாயின் பிள்ளை இன்னார் என்று தாயின் பெயரையும் கூட்டிச் சொல்லுவார்கள். ஆனால் அவர்கள் ஜெபத்தோடு நின்றுவிடவில்லை. 1991-ல் அமெரிக்காவில் ஜே பைன்பர்க் என்ற யூத வாலிபருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. மஜ்ஜை பெரும்பாலும் ஒரே வம்சத்தாருக்குள் பொருந்துவது. அவருடைய வம்சத்தாரோ ஹிட்லரின் படுகொலையிலே கிளைகிளையாக அழிக்கப்பட்டவர்கள். 60 லட்சம் யூதர் மாண்ட அத்தேசங்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் நிறைந்திருந்தார்கள் என்பதை நாம் வெட்கத்தோடு நினைக்க வேண்டும். பொருத்தம் கிடைப்பது அரிது என்று வைத்தியர்கள் சொல்லியும் அவருடைய குடும்பத்தார் ஓயவில்லை. ஊர் ஊராகச் சென்று இரத்தம் சோதித்தார்கள். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சோதிக்கப்பட்டும் அவருக்குப் பொருந்தியவர் இல்லை. ஆனால் அதே பட்டியலில் மற்ற நோயாளிகளுக்குப் பொருந்தியவர்கள் கிடைத்தார்கள். தன் பிள்ளைக்கென்று தேடி, அயலான் பிள்ளை பிழைப்பதைக் கண்டு, பின்னும் தேடினார்கள். 1995-ல், கடைசியாக நடந்த ஒரு முகாமிலே, ஓர் இளம்பெண்ணின் மஜ்ஜை பொருந்தியது. அவர் பிழைத்து, அந்தத் தேடலையே தமது வாழ்நாள் ஊழியமாக்கிக்கொண்டார்.

நம்மிடத்திலும் இதே சங்கடம் உண்டு. உடன்பிறந்தார் ஒருவருடைய மஜ்ஜை பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பே இருக்கிறது. பொருந்தாவிட்டால் பலருக்கு முன்பின் அறியாதவரைத் தேட நேரிடுகிறது. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழரிடத்தில்தான் பெரும்பாலும் கிடைக்கும். சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி என்னும் ஸ்தாபனம் இப்படிக் கொடுக்க முன்வருவோரின் பட்டியலை வைத்திருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்த, ஆரோக்கியமுள்ள வாலிபர்கள் பெயர் கொடுக்கலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பதோடு சோதனை முடிந்துவிடும்.

பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறும் பையனும் களத்தில் கொப்பரை காயவைக்கும் பெண்ணும் இதைச் செய்யத் தக்கவர்கள்தான். முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள், பிறகு பாரம் தூக்க முடியாது, கலியாணம் தடைப்படும் என்று பேசுவது வீண் பயம். பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி போட்டு, கை நரம்பிலிருந்து சில மணி நேரத்தில் எடுத்துவிடுகிறார்கள். சிலரிடம் மட்டும் மயக்கமருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பதுண்டு. கொடுத்தது சில வாரங்களில் திரும்ப ஊறிவிடும்.

ஒன்றை மாத்திரம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் கொடுத்தவர்களில் பலர், அழைப்பு வந்ததும் வீட்டார் தடுத்தார்கள் என்று பின்வாங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்கிறவர் ஒரு குடும்பத்துக்கு ஆசை காட்டிப் பறிக்கிறார். பிள்ளைக்கு மருந்து தொடங்கியபின் பின்வாங்கினாலோ அது உயிருக்கே மோசம். அதன் எலும்பு வெறுமையாகிவிட்டது. சொந்த மஜ்ஜை இனி இல்லை. ஆகையால் பெயர் கொடுக்குமுன்னே தாய் தகப்பனிடத்திலும், கலியாணமானவர்கள் மனைவி அல்லது புருஷனிடத்திலும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இன்று பூசை கண்டு வீடு திரும்பியதும் பேசலாம்.