பாட்டியின் பகல்பொழுது

பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ வேலை பார்க்கும் மகளுக்குப் பேறுகாலம் என்றால், திருச்சியில் இருக்கும் அம்மா பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார். அமெரிக்கா என்றால் சுற்றுலா விசாவில் வழக்கமாக ஆறு மாதம். அவர் திரும்பியதும் சம்பந்தியம்மாள் விமானம் ஏறுவார். பிரசவ லேகியமும் பருப்புப்பொடியும் போக மிச்சமிருக்கும் எடையில், பாதி படித்த நாவலுக்கு இடம் கிடைப்பது அரிது. இந்த ஏற்பாட்டை யாரும் கட்டளையிட்டுச் செய்வதில்லை. ஆனால், "உங்களுக்கு இது சரிப்படுமா?" என்று யாரும் கேட்பதும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரின் பகல்பொழுது குடும்பத்தின் பொதுச்சொத்துதானா?

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மனிதகுலத்தின் மிகப் பழைய வழக்கங்களில் ஒன்று. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களிடையே மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ் ஆய்வு செய்தார். தாய் கைக்குழந்தையோடு இருக்கும் காலத்தில் மூத்த பிள்ளைகளுக்குப் பாட்டி தோண்டிவரும் கிழங்கு பெரிய ஆதாரமாக இருப்பதைக் கண்டார். பிள்ளைப்பேறு நின்ற பிறகும் பெண்கள் நெடுங்காலம் வாழ்வதற்கே இந்த உதவி காரணமாக இருக்கலாம் என்ற கருதுகோள் அதிலிருந்துதான் வளர்ந்தது. பாசமும் பழக்கமும் இவ்வளவு ஆழத்தில் வேரோடியிருக்கும்போது, மறுக்கும் பாட்டியை எளிதில் கல்நெஞ்சக்காரி ஆக்கிவிடலாம். ஆனால் எவ்வளவு பழைய வழக்கமானாலும் அதைக் காட்டி ஒருவருடைய நாட்களைக் கேட்காமலே எடுத்துக்கொள்ள முடியாது.

எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினில் ஒரு சான்று உண்டு. அந்தோனியோ கிஹாரோ என்ற இதய மருத்துவர், 'அடிமைப் பாட்டி நோய்க்குறி' என்றே பெயரிட்டு 2001இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டுவேலையும் பேரப்பிள்ளை வளர்ப்பும் சேர்ந்து அழுத்தியதில் ரத்த அழுத்தம், படபடப்பு, தீராத களைப்பு என்று வந்த பெண்களைப் பற்றியது அது. தங்கள் பாரத்தை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் கொடியவர்களும் அல்லர். அம்மாவால் முடியும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இன்று அறுபதைக் கடந்த பெண்களில் பலர், அடுப்புக்கும் அலுவலகத்துக்கும் நடுவே திருடிய நேரத்தில் படித்தவர்கள். வார இதழ்த் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தவர்கள். மிச்சத்தை ஓய்வுக்குப் பிறகு படிக்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள். அந்த ஓய்வு வந்ததும், "வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள்" என்று ஒரு குழந்தை கையில் கொடுக்கப்படுகிறது.

உ.வே.சாமிநாதையர் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடரை 1940 ஜனவரியில் தொடங்கியபோது அவருக்கு வயது 84. முதுமையில் ஒருவருக்கு வாய்க்கும் நேரம் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். ஆனால் நூல் எழுதிக் காட்டினால்தான் அந்த நேரத்துக்கு உரிமை என்றாகிவிடக் கூடாது. பழைய தபால்தலைகளை அடுக்கி வைப்பதும், மாடியில் பாகற்கொடிக்குப் பந்தல் போடுவதும், படித்த நாவலையே மறுபடி படிப்பதும் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியவை அல்ல. தாத்தா நாளிதழ் படிக்கும் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலான வீடுகளில் யாரும் குறுக்கிடுவதில்லை. பாட்டியின் புத்தகத்துக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

மறுபக்கத்து நியாயமும் கனமானதுதான். பாட்டி கைவிரித்தால் பெரும்பாலும் வேலையை விடப்போவது மகனோ மருமகனோ அல்ல, மகளோ மருமகளோதான். இந்தியாவில் 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். அதைவிடச் சிறிய துணிக்கடைக்கோ தனியார் கிளினிக்குக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. விடுப்பு முடிந்து, குழந்தை அங்கன்வாடிக்குப் போகும் வயது வரும்வரை என்ன செய்வது? சட்டமும் முதலாளியும் விட்ட இடைவெளியைப் பாட்டி தன் உடம்பால் அடைக்கிறார். ஒரு பெண்ணின் உரிமையும் இன்னொரு பெண்ணின் உரிமையும் மோதுவதுபோல் தெரிவது இதனால்தான். பொறுப்பேற்க வேண்டிய மற்றவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள்.

சில நாடுகள் இந்த உழைப்பைக் கணக்கில் எடுக்கத் தொடங்கிவிட்டன. 12 வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர், இன்னும் ஓய்வூதிய வயதை எட்டாதவராக இருந்தால், அந்தக் காலத்தைத் தம் ஓய்வூதியக் கணக்கில் சேர்த்துக்கொள்ள 2011 முதல் பிரிட்டனில் வழியுண்டு. சுவீடனில் 2024 ஜூலை முதல் பெற்றோர் ஒவ்வொருவரும் தம் ஊதியத்துடன் கூடிய விடுப்பில் 45 நாள் வரை தாத்தா பாட்டிக்கு மாற்றிக் கொடுக்கலாம். இந்தியாவின் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டமோ முதியவரைப் பராமரிப்பு பெறுபவராக மட்டுமே பார்க்கிறது. ஒரு நாள் முழுக்க அவர் தரும் பராமரிப்பைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

சட்டம் மாறும்வரை வீடுகள் காத்திருக்க வேண்டியதில்லை. வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி வரை, பாட்டிக்கு முட்டிவலி வந்தால் மாற்று யார், காப்பகத்துக்கு ஆகும் பணத்தை யார் கொடுப்பது என்பதையெல்லாம் குழந்தை பிறக்கும் முன்பே உட்கார்ந்து பேசிவிடலாம். முடியாது என்று பாட்டி சொன்னால் அதைக் கோபமில்லாமல் ஏற்கும் மனம் அந்தப் பேச்சில் முதலில் வேண்டும். மகனும் மருமகனும் விடுப்பு எடுக்கும் நாட்களும், தாத்தா குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைக்கும் முறைகளும் அதே பட்டியலில் ஏற வேண்டும்.