மகப்பேறின்மை பழவினையின் பயனா?

மக்கட்பேறு இல்லாதார் படும் துயருக்கு அவர்தம் முற்பிறப்பு வினையே காரணம் என்று சொல்வது அறமாகுமா? இவ்வினாவைப் பிறரிடம் கேட்குமுன் நம்மையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். ஏனெனில், அவ்வாறு சொன்னவர்களுள் நாமும் ஒருவர்.

ஆலைவேலையை விட்டு அறவுரை கூறும் பணியை மேற்கொண்ட புதிதில், நம்முடன் நூற்புப் பகுதியில் உழைத்த நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். மணமாகி ஒன்பது ஆண்டுகள். சோதனைக் குழாய் முறையில் இருமுறை கருவைச் செலுத்தியும் தங்கவில்லை. கடன் ஒருபுறம், அயலார் வாய் ஒருபுறம். உறவினர் வீட்டு வளைகாப்பில் அந்த அம்மையாரைச் சீர்த்தட்டைத் தொடவும் விடவில்லை. ஆறுதல் கூறுவதாக எண்ணி, "எல்லாம் பழவினை, அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "நினைவில்லாத குற்றத்துக்கு எப்படி ஐயா மன்னிப்புக் கேட்பது?" என்றார். நம்மிடம் விடை இல்லை. தலைகுனிந்து வீடு திரும்பினோம்.

அன்றிரவு நூல்களைப் புரட்டினோம். சம்யுத்த நிகாயத்தில், இராசகிருகத்து மூங்கில் வனத்தில், மோலியசீவகன் என்னும் பரிவிராசகன் இதே ஐயத்தைப் பகவானிடம் எழுப்புகிறான். மனிதர் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்செய்த வினையால் வருவனவே எனத் துறவியரும் அந்தணரும் சிலர் கூறுகின்றனரே, தங்கள் கருத்து யாது என்பது வினா. பகவான் அக்கூற்றை ஏற்கவில்லை. பித்தத்தாலும், கபத்தாலும், வாதத்தாலும், இவை கூடுவதாலும், பருவ மாற்றத்தாலும், ஒழுங்கற்ற பழக்கத்தாலும், பிறர் தாக்குவதாலும் வேதனைகள் உண்டாகின்றன என்கிறார். வினைப்பயன் எட்டாவதாகவே நிற்கிறது. யாவும் முன்வினையே என்போர், தாம் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்பது அவர்தம் தீர்ப்பு.

எட்டாவதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், இன்னாருக்கு இன்ன வினை என்று கணக்கு வாசிக்க நாம் யார்? சிந்தித்து எல்லை காண இயலாதவை நான்கனுள் வினைப்பயனையும் ஒன்றாகப் பகவானே வைத்திருக்கிறார்.

இன்றைய மருத்துவமும் உடலின் காரணங்களையே ஆராய்கிறது. கருக்குழாய் அடைப்பு, முட்டை முதிர்ந்து வெளிப்படாமை, கருப்பையைத் தாக்கிய காசநோய், விந்தணுக் குறைவு எனக் காரணங்கள் பல. தம் வாழ்நாளில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் இக்குறையைச் சந்திக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு அறிவித்தது. ஆறில் ஒருவர் பாவி என்று கூறத் துணிவோமா? காரணம் ஆணிடம் இருப்பதும் அரிதன்று. எனினும் 'மலடி' என்னும் சொல் தெருவெங்கும் வழங்குகிறது. 'மலடன்' என்பதோ காதில் விழுவதே அருமை. எளிய விந்துப் பரிசோதனைக்குக் கணவன் நாணி ஒதுங்க, மனைவி ஆண்டுக்கணக்கில் மருந்துண்ட குடும்பங்களை ஆலைக் குடியிருப்பில் கண்டிருக்கிறோம்.

அதே நிகாயத்தில் இரண்டு அம்புகளின் உவமை வருகிறது. உடலில் தைக்கும் துன்பம் முதல் அம்பு. அதைப் பற்றி உள்ளம் புலம்பி வருந்துவது இரண்டாம் அம்பு. அறம் கேளாதவன் இரண்டையும் ஏற்கிறான். கேட்டவன் முதலதை மட்டுமே ஏற்கிறான். மகப்பேறின்மையிலோ இரண்டாம் அம்பைச் சுற்றத்தாரே எடுத்து எய்து விடுகின்றனர். நாள்தோறும் ஊசி, அடிக்கடி ஸ்கேன், கருவைச் செலுத்தியபின் ஏறத்தாழ இரண்டு வாரக் காத்திருப்பு. முடிவில் 'இல்லை' என்று வந்தால், இழவு வீட்டில் அழுவதுபோல் அழவும் அவளுக்கு இடமில்லை. இறந்தவர் என்று காட்ட எவரும் இல்லையன்றோ? அவ்வேளையில், "நீ கவலைப்பட்டாய், அதனால்தான் தங்கவில்லை" என்பார்கள். 14 ஆய்வுகளில் இடம்பெற்ற 3,583 பெண்களைப் பற்றிய முடிவுகளைத் தொகுத்து, 2011-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. சிகிச்சைக்கு முன்னிருந்த மனத்துயர் கருத்தரிப்பைத் தடுத்ததாக அது காணவில்லை. ஆகவே, துயருற்றவள் மீது அவள் துயரையே குற்றமாகச் சுமத்தற்க.

செய்யத்தக்கன யாவை? இருவரும் தொடக்கத்திலேயே பரிசோதனை செய்துகொள்க. மனைவியைத் தனியே அனுப்பாது கணவனும் உடன் செல்க. எத்தனை முறை முயல்வது, எவ்வளவு செலவிடுவது என்பதை முன்னரே பேசி எல்லை வகுத்துக்கொள்க. அவ்வெல்லையில் நிறுத்துவது தோல்வியன்று. சிகிச்சையின் விளைவுகளையும் வெற்றி வாய்ப்பையும் பற்றி முறையான ஆலோசனை அளிப்பது சிகிச்சை நிலையத்தின் கடமை என்று 2021-ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கிறது. அதைக் கேட்டுப் பெறுக. வளைகாப்புக்கும் தொட்டிலிடுதலுக்கும் செல்ல மனமில்லையெனில் செல்லாதிருக்க. அது பொறாமையன்று, புண் ஆறும்வரை காற்றுப் படாமல் காப்பதே.

தத்தெடுக்க விழைவோர் மணிமேகலைக் காப்பியத்தின் இளம்பூதியை நினைக்கலாம். பெற்றவள் விட்டுச்சென்ற குழவியாகிய ஆபுத்திரனைத் தன் மகனென்றே எடுத்து வளர்த்தவன் அவன். ஆனால், "தத்தெடுத்தால் போயிற்று" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவதும் மற்றோர் அம்பே. அம்முடிவு அவ்விருவருக்கே உரியது.

அன்பர்களே, எண்ணமே வினை என்றார் பகவான். அவ்வம்மையாரின் முற்பிறப்பை நாம் அறியோம். இப்பிறப்பில் அவர்முன் நாம் எண்ணுவதையும் பேசுவதையும் நன்கறிவோம். தட்டை அவர் கையிலிருந்து பறித்ததும் வினை. நாளை அதே தட்டை அவர் கையில் மதிப்புடன் கொடுப்பதும் வினை.

மறுவாரம் மீண்டும் அவ்வில்லத்திற்குச் சென்றோம். நினைவில்லாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்க அவருக்கு வழியில்லை. நமக்கோ நம் குற்றம் நன்கு நினைவிருந்தது, கேட்டோம். இன்றும் அவர்களுக்குப் பிள்ளையில்லை. அவ்வீட்டில் பழவினை என்னும் பேச்சும் இல்லை. உங்கள் வீடுகளிலும் அப்பேச்சு ஒழிக என வேண்டுகிறோம்.