திறக்காத பெட்டிகள்

கடந்த நோன்பில் ஒரு நாள், தராவீஹ் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் ஒரு கேள்வி கேட்டேன். கேட்பதற்கு முன் இரண்டு தடவை செருப்பைப் போட்டுக் கழற்றியிருப்பேன். அவ்வளவு வெட்கம். மற்றவர்கள் தங்கத்துக்கும் கடைச் சரக்குக்கும் கணக்குக் கேட்கிற வயதில், நான் கேட்டது இது:

"ஹஸரத், விளையாட்டுச் சாமானுக்கு ஸகாத் ஈக்கா?"

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"வாங்கக்குள்ள என்ன நிய்யத்துல வாங்கினீங்க? வெளயாடவா, விக்கவா?"

அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வெள்ளவத்தை காலி வீதியில் வீட்டுக்கு நடந்து வரும் வழி முழுவதும் அந்தக் கேள்வி என்னோடு நடந்து வந்தது. இந்தக் கட்டுரை அதன் மிச்சம்தான்.

வாசகர் சிரிக்கலாம். ஐம்பதை நெருங்கும் நான் லெகோ பொம்மைகள் சேர்ப்பவன். அதிலும் சுப்பர் ஹீரோக்கள்: பெட்மேன், சுப்பர்மேன், ஸ்பைடர்மேன், அவர்களுடைய எதிரிகள். 2006 ஆம் ஆண்டு கட்டாரிலிருந்து விடுமுறைக்கு வந்த நானா ஒரு பெட்மேன் செட்டைக் கொண்டுவந்து தந்தார். யாருக்கென்று வாங்கினாரோ, அது என்னிடம் தங்கிவிட்டது. இன்று என் வீட்டு முன்னறையில் கண்ணாடி அலுமாரி ஒன்றில் நாற்பது குட்டி மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்கு மேலே, ஒட்டுநாடா பிரியாத பதினொரு பெட்டிகள்.

இந்தக் குட்டி மனிதனின் வரலாறு சுவையானது. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில் 1932 இல் ஒரு தச்சர் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கித் தன் தொழிலுக்கு லெகோ என்று பெயர் வைத்தார். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இன்றைய கல்லுக்குக் காப்புரிமை கோரியது 1958 இல். கையும் காலும் அசையும் மனிதன் வந்தது 1978 இல். உயரம் ஏறத்தாழ 4 சென்றிமீற்றர். எந்த இனத்தவனும் அல்ல என்பதற்காக அவனுக்கு மஞ்சள் நிறம். முகத்தில் இரண்டு புள்ளி, ஒரு சிரிப்பு. பொலிஸ்காரனுக்கும் அதே முகம், தீயணைப்பாளனுக்கும் அதே முகம். 1989 இல் கடற்கொள்ளையர் வந்தபோதுதான் முகங்கள் வேறுபடத் தொடங்கின. திரைப்படங்களிலிருந்தும் சித்திரக் கதைகளிலிருந்தும் வந்த பாத்திரங்களுக்கு 2004 அளவில் மஞ்சள் போய் மனிதத் தோல் நிறம் வந்தது. என் அலுமாரியில் நிற்பவர்கள் அந்தக் காலத்துக்குப் பிந்தியவர்கள். அவர்களுக்கு நிறமும் உண்டு, கோபமும் உண்டு.

நம்மவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி உருவத்தைப் பற்றியது. வீட்டில் உருவம் வைக்கலாமா? நானும் அந்தக் கேள்வியை எதிர்கொண்டிருக்கிறேன். என்னிடம் தயாராக ஒரு பதிலும் இருந்தது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் பொம்மைகளோடு விளையாடியதும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டுக்குள் வரும்போது ஒளிந்துகொள்ளும் தோழிகளை அவர்களே திரும்ப விளையாட அனுப்பிவைத்ததும் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளன. அபூதாவூதில் வரும் இன்னொரு செய்தி எனக்கு இன்னும் விருப்பமானது. தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ பெருமானார் திரும்பி வந்த வேளை, காற்றில் திரை விலகி ஆயிஷா நாயகியின் பொம்மைகள் தெரிகின்றன. நடுவில் ஒரு குதிரை. அதற்குத் துண்டுத் துணியால் ஆன இரண்டு இறக்கைகள். குதிரைக்கு இறக்கையா என்று கேட்கிறார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று பதில் வருகிறது. கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரிக்கிறார்கள்.

இதை வைத்து, சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் சிறுவர் விளையாட்டுப் பொம்மையை உருவத் தடையிலிருந்து விலக்கி வைத்தார்கள். உடன்படாதவர்களும் இருந்தார்கள். நான் பெரும்பாலோரின் பக்கம் நின்றுகொண்டேன். பல வருடங்களாக இந்தக் குதிரையில் ஏறித்தான் தப்பித்து வந்தேன்.

மௌலவியின் கேள்விக்குப் பிறகு அதே செய்தியை மீண்டும் யோசித்தேன். அந்தக் குதிரை ஏன் விலக்குப் பெற்றது? அழகாக இருந்ததாலா? அரிதாக இருந்ததாலா? இல்லை. அது விளையாடப்பட்டது. கேட்ட கதை ஒன்றுக்காகத் துணி இறக்கை வைத்துக்கொண்டது. விளையாட்டே அதற்கான அனுமதி. அப்படியானால் யாரும் தொடக்கூடாதென்று பூட்டிய கண்ணாடிக்குள், தூசு துடைக்கப்பட்டு, ஒளி பாய்ச்சப்பட்டு, பார்ப்பதற்கு மட்டுமே நிற்கும் என் நாற்பது பேரும் எந்தக் கணக்கில் சேர்வார்கள்? பொம்மைக்குத் தரப்பட்ட சலுகையைச் சிலைக்கு நான் எடுத்துக்கொண்டேனோ?

ராத்தாவின் மகனை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. ராத்தா கொட்டாஞ்சேனையில் இருக்கிறா. அவன் சின்ன வயதிலிருந்தே என் அலுமாரியின் முன் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நிற்பான். மூச்சுப் பட்ட இடத்தை அவன் போன பிறகு நான் துடைப்பேன்.

அவனிடம் இருந்தவை புறக்கோட்டை கெய்சர் வீதியில் வாங்கிய போலிகள். பெயரில்லாத பெட்டி, இறுகப் பூட்டாத கை, நிறம் கசிந்த முகம். "அது கள்ளச் சாமான் மகன், இன்னொருத்தன்ட உழைப்பக் களவெடுத்துச் செய்றது" என்று நான் சொல்வேன். சொன்னது பிழையில்லை. கல்லின் வடிவம் அதன் வேலையோடு சேர்ந்தது, அதை ஒரு கம்பனி வர்த்தகக் குறியாக வைத்துக்கொள்ள முடியாதென்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010 இல் சொன்னது. ஆனால் குட்டி மனிதனின் வடிவத்துக்கு அந்தப் பாதுகாப்பு உண்டென்று 2015 இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. லெபின் என்ற பெயரில் பெருமளவில் போலி செய்தவர்களை 2019 இல் ஷங்ஹாய் பொலிஸார் பிடித்தார்கள். தலைவருக்கு 2020 இல் ஆறு வருடச் சிறை. இதையெல்லாம் நான் அவனுக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

"அப்ப நல்ல சாமான எனக்கு வெளயாடத் தாங்க மாமா."

நான் பேச்சை மாற்றினேன்.

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டோம். 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 360 ஐத் தொட்டது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. மச்சான் வெறும் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வைத்துவிட்டு இரவு முழுக்க ரோட்டில் இருந்தார். அதே நாட்களில் ஓர் இரவு, மின்சாரம் வந்த நேரம், வெளிநாட்டில் என் பெட்டிகள் என்ன விலை போகின்றன என்று பார்த்தேன். டொலரில் ஏறியிருந்தது. ரூபாவில் பெருக்கிப் பார்த்தபோது இன்னும் ஏறியிருந்தது. எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. நாட்டின் நாணயம் விழுந்ததில் எனக்கு வந்த சந்தோஷம். அதை யாரிடமும் சொல்லவில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

அந்த நாட்களில் மருமகனுக்கு ஏழு வயது. போலி சுப்பர்மேன் ஒன்றை வைத்துக்கொண்டு இதை வேறு ஆளாக மாற்ற முடியுமா என்று என்னிடம் கேட்டிருந்தான். பழைய பனியன் துணியில் பிராசோவைத் தொட்டுத் தேய்த்தால் அச்சு அழியும் என்று நான்தான் காட்டிக் கொடுத்தேன். உருமாற்றுபவர்கள் எல்லாரும் செய்வதுதான். அடுத்த முறை போனபோது அவன் ஆளைக் காட்டினான். நெஞ்சில் இருந்த எழுத்து போயிருந்தது. முகமும் போயிருந்தது. அந்த வெறும் முகத்தில் பேனையால் இரண்டு புள்ளியும் ஒரு சிரிப்பும் போட்டிருந்தான். 1978 இன் முகம் அவனுக்கு யாரும் சொல்லாமலே வந்திருந்தது. தலையில் பற்பசை மூடியில் வெட்டிய வெள்ளைத் தொப்பி. கையில் பேனை மூடி, நீல மை பூசியது.

"இது யாரு மகன்?"

"காஸ்காரர். இவர் வந்தா எல்லா வீட்டுக்கும் காஸ் வரும்."

அறையின் மூலையில் மச்சான் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தலையில் தொப்பி. அந்தச் சிலிண்டர் பன்னிரண்டரைக் கிலோ. பொம்மையின் கையில் அது இருந்த விதத்தைப் பார்த்ததும் யாரைப் பார்த்துச் செய்யப்பட்டதென்று எனக்கு விளங்கியது.

சேகரிப்பெல்லாம் பேராசை என்று நான் சொல்ல வரவில்லை. அரபுத் தமிழ்ச் சுவடிகளையும் பழைய சஞ்சிகைகளையும் பிள்ளைகள் கை படாமல் யாரோ பொத்தி வைத்ததால்தான் அவற்றில் சில நமக்குக் கிடைத்தன. ஆனால் அவர்கள் பொத்தியது ஒருநாள் எவராவது வாசிக்க வேண்டும் என்று. சுப்பர்மேன் முதலில் தோன்றிய 1938 ஆம் ஆண்டுச் சித்திரக் கதை இதழின் விலை 10 சதம். அவனைப் படைத்த இரண்டு இளைஞர்களும், புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள், உரிமையை 130 டொலருக்கு விற்றுவிட்டார்கள். அந்த இதழின் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. உறையைத் திறந்தால் மதிப்பு விழும். ஆகவே உலகத்திலேயே விலை கூடிய கதைப் புத்தகங்களுள் ஒன்றை அதன் சொந்தக்காரர் புரட்டிப் பார்க்க முடியாது. பயன்படுவதற்காகக் காப்பது ஒன்று, பயன்பாட்டிலிருந்தே காப்பது வேறொன்று. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான், ஆகவே உள்ளே இருப்பவன்தான் சொல்ல வேண்டும். மௌலவி பொருளின் பெயரைக் கேட்காமல் நிய்யத்தைக் கேட்டதன் நியாயம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நம் ஸகாத் சட்டம் இந்த விஷயத்தில் வழுக்க இடம் தருவதில்லை. விற்கும் எண்ணத்தோடு வாங்கியது வியாபாரச் சரக்கு. வருடம் பூர்த்தியானதும் அன்றைய சந்தை விலையில் நூற்றுக்கு இரண்டரை. சொந்தப் பாவனைக்கு வாங்கியது அதில் சேராது. இரண்டு பெயரையும் ஒரே பொருளுக்கு, வசதிப்படி, மாறி மாறி வைக்க முடியாது. நான் வைத்திருந்தேன். உருவம் என்று யாராவது கேட்டால் விளையாட்டுச் சாமான். மருமகன் கை நீட்டினால் முதலீடு. ஸகாத் மாதம் வந்தால் மீண்டும் விளையாட்டுச் சாமான்.

அன்றிரவு பதினொரு பெட்டிகளையும் இறக்கித் தரையில் வைத்தேன். ஆறு, விலை ஏறும் என்று தெரிந்தே இரண்டாம் பிரதியாக வாங்கியவை. அவற்றின் விலையைத் தேடி எழுதி, கணக்குப் பார்த்து, நடந்த வருடத்துக்கு மட்டுமல்லாமல் கொடுக்காமல் விட்ட வருடங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தேன். சிறிய தொகை இல்லை. மிச்சம் ஐந்தும் எனக்கென்று வாங்கியவை. எனக்கென்று வாங்கி, பதினைந்து வருடம் நானே திறக்காமல் வைத்தவை.

பெருநாள் கழிந்த கிழமை அவற்றுள் ஒன்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். மருமகனுக்கு இப்போது பத்து வயது. பெட்டியைக் கொடுத்ததும் நம்பாமல் என்னைப் பார்த்தான்.

"மாமா, தொறந்தா வெல கொறயுமே?"

"கொறயட்டும்."

அவன் கத்தி தேடவில்லை. விரலை விட்டு ஒரே இழுவையில் கிழித்தான். அந்தச் சத்தத்தில் எனக்கு நெஞ்சு வலித்தது என்பதையும் மறைக்கக்கூடாது. பெட்மேனை முழுதாகப் பொருத்தியவன், சற்று நேரத்தில் அவருடைய கறுப்பு மேலாடையைக் கழற்றினான். உள்ளே போய் ஒரு டின்னைக் கொண்டுவந்தான். அதற்குள் இருந்து காஸ்காரரை எடுத்தான். பேனை முகம் அரைவாசி அழிந்திருந்தது, தொப்பி அப்படியே இருந்தது. அவருடைய கழுத்தில் மேலாடையை மாட்டி, இரண்டு ஓரத்தையும் விரித்துவிட்டான்.

"அந்த நேரம் இது இருந்திருந்தா வாப்பா கியூவில நின்டிருக்கத் தேவல்ல" என்றான்.

அந்த ஆறு பெட்டிகளும் இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கின்றன. அவற்றை விற்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. வருகிற நோன்பிலும் விலை பார்த்துக் கொடுக்க வேண்டும். ஆனால் யாராவது வீட்டுக்கு வந்து அவை என்ன என்று கேட்டால், விளையாட்டுச் சாமான் என்று நான் இப்போது சொல்வதில்லை.