கியர்பொக்ஸில் கைவைக்க முதல்

நிலாவெளி வீதியோரம் மீன்பெட்டிகளோடு ஒரு பிக்கப் நின்றுபோனால் கொஞ்ச நேரத்தில் நாலுபேர் கூடிவிடுவார்கள். ஒருவர் லீவரை இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார். இன்னொருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பொக்ஸ் போச்சு" என்று தீர்ப்புச் சொல்வார். உப்புவெளியில் வாகனம் ஓட்டுகிற அண்ணன்மாரே, கராஜ் வைத்திருப்பவர்களே, அங்கே தொழில் பழகும் தம்பிமாரே, இழுக்கவும் வேண்டாம், தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். முதலில் பாருங்கள்.

2020 மார்ச்சில் இந்த நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் பழைய ஹைலக்ஸையும் டிமோ பட்டாவையும் வைத்துத்தான் எங்கள் ஆட்கள் மீன் ஏற்றினார்கள், சீமெந்து ஏற்றினார்கள், இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி திறந்த பிறகும் புது வாகனத்தின் விலை மீன் வியாபாரிக்கு எட்டாது. இருக்கிற வண்டி ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பெரியும். அப்படிப்பட்டவருடைய கியர்பொக்ஸைத் தேவையில்லாமல் இறக்கி, கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பொக்ஸ் ஒன்று தேட வைப்பது அந்த வீட்டுத் தாலிக்கொடியை அடகுக் கடைக்கு அனுப்புவதுதான். பழுது ஒரு சின்ன ரப்பர் சீலில் இருந்திருந்தால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது?

எஞ்சினை நிறுத்துங்கள். கிளச்சை முழுக்க மிதித்து, லீவரை ஒவ்வொரு கியருக்கும் மெதுவாகக் கொண்டுபோங்கள். நிறுத்திய எஞ்சினில் எல்லாக் கியரும் விழுகிறது, ஓடும் எஞ்சினில் மட்டும் விழ மறுக்கிறது, றிவர்ஸ் போட்டால் பல் கத்துகிறது என்றால் பெரும்பாலும் கியர்பொக்ஸில் குற்றமில்லை. கிளச் முழுதாக விடவில்லை. ஒயிலால் இயங்கும் கிளச் என்றால் அதன் குப்பியில் பிறேக் ஒயில் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். பெடலின் அடியில், கால்விரிப்பைத் தூக்கிவிட்டு விரலால் தடவுங்கள். ஈரம் பட்டால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. கீழே குனிந்து, கிளச் முள்ளைத் தள்ளும் சின்னச் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்குங்கள். அதற்குள் ஈரம் இருந்தால் பழுது அங்கே. வேறு ஒயில் கையில் இருக்கிறதே என்று குப்பிக்குள் எஞ்சின் ஒயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். சில வாகனங்களில் பிறேக்குக்கும் அதே குப்பிதான்.

இது கடற்கரை ஊர், அதையும் கணக்கில் எடுங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் எத்தனை வண்டிகள் நாட்கணக்கில் அசையாமல் நின்றன! உப்புக் காற்றில் நெடுநாள் நிற்கும் வண்டியில் கிளச் பிளேட் துருப்பிடித்து பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். பெடல் சரியாக இருக்கும், ஒயில் சரியாக இருக்கும், கியர் மட்டும் விழாது. வண்டி எவ்வளவு நாள் நின்றது என்று கேட்காத மெக்கானிக் பொக்ஸை இறக்கித்தான் அதைக் கண்டுபிடிப்பார்.

எஞ்சின் நின்றபோதும் லீவர் அசையவில்லையா? வண்டி சரிவில் நின்றால் பாரம் முழுவதும் பல்லில் தொங்கிக்கொண்டிருக்கலாம். கிளச்சை மிதித்தபடி, மேட்டுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். லீவர் நேரே பொக்ஸின் மேல் நிற்கும் பழைய ஹைலக்ஸ் போன்றவற்றில் லீவரைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். அதன் நுனியில் இருக்கும் நைலோன் புஷ் தேய்ந்து உடைந்தால், லீவர் தன் பள்ளத்தை விட்டு நழுவி இரண்டு தண்டுகளுக்கு நடுவே சிக்கும். ஸ்குறூடிரைவரால் தண்டுகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பொக்ஸ் நியூட்ரலுக்கு வந்துவிடும். புஷ் மாற்றினால் வேலை முடிந்தது. முரட்டுத்தனமாக இழுத்திருந்தாலோ, உள்ளே கியரைத் தள்ளும் முள் வளைந்திருக்கலாம். அப்போதுதான் உண்மையிலேயே பெரிய செலவு.

வண்டி தள்ளவே முடியாமல் இறுகி நின்றால், இரண்டு கியர் ஒன்றாக விழுந்துவிட்டது என்று அவசரப்படாதீர்கள். பின்சில்லு இரண்டையும் தூக்கி ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் பூட்டு பொக்ஸ் பக்கம் இருக்கிறது. பிடித்த சில்லு அசையவே இல்லையென்றால் துருவேறிய பிறேக்கைப் பாருங்கள். ஆனால் எங்கள் மண்ணில் ஜாக் புதையும். தடித்த பலகை போடாமல் தூக்காதீர்கள், முன்சில்லுகளுக்குக் கட்டை வைக்காமல் தூக்காதீர்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு பொடியனைப் படுக்க விடாதீர்கள். அவனைப் பெற்ற தாய் உங்களை நம்பித்தான் அனுப்பியிருக்கிறாள்.

ஒயிலை இறக்க வேண்டி வந்தால், ஊற்றுகிற வாயின் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். அது துருப்பிடித்து வர மறுத்தால், இறக்கிய பிறகு ஒயில் ஊற்ற வழியிருக்காது. ஒயில் இறக்கும் போல்ட்டின் காந்தத்தில் ஒட்டிய சாம்பல்நிறப் பசை வழமையான தேய்மானம். இரும்புத் துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது. ஒயிலில் பித்தளைத் துகள் மினுங்கினால் கியரை இசைய வைக்கும் வளையங்கள் தேய்கின்றன. பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மாரி வெள்ளத்தில் ஓடியதா, தோணி இழுக்க அலைக்குள் இறங்கியதா என்று கேளுங்கள். புது ஒயில் ஊற்றும்போது அந்த வண்டிக்குரிய புத்தகத்தில் உள்ள தரத்தையே ஊற்றுங்கள். ஜிஎல்-4 கேட்கும் பொக்ஸுக்குக் கிடைத்த ஜிஎல்-5 ஐ ஊற்றினால் சில வகை ஒயில் அந்தப் பித்தளையை அரிக்கும்.

கண்டதை உரிமையாளரிடம் கண்டபடியே சொல்லுங்கள். திறக்காமல் தெரியாது என்றால், திறக்காமல் தெரியாது என்றே சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. உரிமையாளர்களே, நீங்களும் லீவரை எப்படி இழுத்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். ஒரு மணித்தியாலம் நின்று சோதித்துவிட்டு "பொக்ஸ் நல்லது" என்று சொன்னவருக்கு அந்த நேரத்துக்கான கூலியைக் கொடுங்கள். எதையும் கழற்றவில்லையே என்று கையை விரித்தால், அடுத்த வண்டியை அவர் கழற்றத்தான் செய்வார்.

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. சிலர் தேய்ந்த பொக்ஸுக்குள் கட்டியான ஒயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்கி, வண்டியை வேறொருவர் தலையில் கட்டுகிறார்கள். பாரத்தோடு உவர்மலை இறக்கத்தில் வரும்போது கியர் தானாகக் கழன்றால், எஞ்சின் பிடி போய் பிறேக் மட்டுமே மிஞ்சும். கீழே பிள்ளைகள் வீதி கடக்கிறார்கள். விற்க வேண்டிய நிலை உங்களுக்கு இருக்கலாம். வாங்க வருபவரை முதலில் ஓட்ட விடுங்கள், எந்தக் கியர் கழல்கிறது என்று பக்கத்தில் இருந்து காட்டுங்கள், அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.